குதிர் நிரம்பிய பிறகு

"ராத்திரி ஏழரைக்கு ரெண்டே ரெண்டு இட்லி. அதுக்கப்புறம் தண்ணி மட்டும்தான். காலையில வெறும் வயித்துல பார்த்தா 148. எங்கேருந்துடா வருது இந்தச் சர்க்கரை?"

அண்ணன் இப்படிக் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அப்போது அவருக்கு வயது 47. உயரம் 168 செ.மீ., எடை 66 கிலோ. அவரை யாரும் குண்டு என்று சொல்லிவிட முடியாது. கை கால்கள் மெலிந்தவை. சட்டையை வெளியே விட்டுக்கொண்டால் தொப்பை இருப்பதே தெரியாது.

அதே வாரம் வயிற்று ஸ்கேனுக்கு அவரோடு நானும் போனேன். விலாவுக்குக் கீழே ஜெல்லைத் தடவி, "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க" என்று சொல்லி, கருவியை அழுத்தி நகர்த்தினார் அந்த மருத்துவர். திரையில் அவரைக்கொட்டை வடிவில் கருஞ்சாம்பலாக ஒன்று தெரிந்தது. அது வலது சிறுநீரகம். அதை ஒட்டியே கல்லீரல். "ரெண்டும் ஏறக்குறைய ஒரே நிறத்துல இருக்கணும் சார். உங்க லிவர் மட்டும் எப்படி வெளுத்துப் பளிச்சுன்னு இருக்கு பாருங்க" என்று காட்டினார். ரிப்போர்ட்டில் 'ஃபேட்டி லிவர், கிரேடு 2' என்று வந்தது. "நான் குடிக்கிறதே இல்லையே" என்றார் அண்ணன், முகம் சுண்டிப்போய்.

ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் அவர் தனித்தனிக் கவர்களில் வைத்திருந்தார். ஒன்று சர்க்கரை டாக்டருக்கு, மற்றது வயிற்று டாக்டருக்கு. இரண்டும் ஒரே நோயின் இரண்டு முகங்கள் என்பது எங்களுக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று. அண்ணனைப் போல இரண்டு கவர்களோடு அலைகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அண்ணனின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மூளைக்கு இரவும் பகலும் குளுக்கோஸ் வேண்டும், ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம். ஆனால் உடம்பில் ஓடும் ரத்தம் முழுவதிலும் எந்த நேரத்திலும் இருக்கும் குளுக்கோஸ் ஏறக்குறைய 5 கிராம்தான், ஒரு டீஸ்பூன் அளவு. நாம் தூங்கும்போது அந்த ஒரு டீஸ்பூன் தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வது கல்லீரல். சேர்த்து வைத்ததிலிருந்து கொஞ்சம், புதிதாகத் தயாரித்தது கொஞ்சம் என்று இரவெல்லாம் ரத்தத்தில் குளுக்கோஸைச் சொட்டு சொட்டாக விட்டுக்கொண்டே இருக்கும். எவ்வளவு விடலாம், எப்போது நிறுத்தலாம் என்று அதற்குச் சொல்வது கணையத்திலிருந்து வரும் இன்சுலின். கொழுப்பு ஏறிய கல்லீரலுக்கு அந்தச் சொல் சரியாகக் காதில் விழுவதில்லை. ஆகவே விடவேண்டியதைவிட அதிகமாக விட்டுக்கொண்டே இருக்கிறது. காலையில் வந்த 148 அந்த இரண்டு இட்லியால் வந்ததில்லை. விடிய விடிய அவருடைய ஈரலே தயாரித்துக் கொடுத்தது.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. இன்சுலின் கல்லீரலுக்கு இரண்டு கட்டளைகள் தருகிறது. 'குளுக்கோஸ் விடுவதை நிறுத்து' என்பது ஒன்று. 'மிஞ்சிய மாவுச்சத்தைக் கொழுப்பாக்கு' என்பது மற்றொன்று. முதல் கட்டளைக்குச் செவிடாகிப்போன ஈரல், இரண்டாவதை மட்டும் நன்றாகவே கேட்டு நடக்கிறது. தன் சொல் எடுபடவில்லை என்று கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. சர்க்கரை அடங்குவதில்லை. கொழுப்பு மட்டும் கூடுகிறது. கூடிய கொழுப்பு ஈரலை இன்னும் செவிடாக்குகிறது. ஈரல் தன் சுமையைக் குறைக்கக் கொழுப்பின் ஒரு பகுதியை ரத்தத்தில் ஏற்றி அனுப்புகிறது. பரிசோதனைச் சீட்டில் டிரைகிளிசரைடு எகிறி நிற்பதற்கு இதுவே பெரும் காரணம். நல்ல கொலஸ்டிரால் எனப்படும் எச்டிஎல் குறைவதும் இதன் தொடர்ச்சிதான்.

இங்கே ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். தமிழில் கொலஸ்டிராலையும் 'கொழுப்பு' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஈரலில் படிவது பெரும்பாலும் கொலஸ்டிரால் இல்லை, டிரைகிளிசரைடு. நாம் ஊற்றும் நல்லெண்ணெயும் நம் தொப்பையில் இருப்பதும் அதே வகைதான். ஆரோக்கியமான கல்லீரலிலும் இது கொஞ்சம் இருக்கும். 5 சதவீதத்தைத் தாண்டினால் கொழுப்பு ஈரல் என்கிறார்கள்.

அது எங்கிருந்து வந்து சேர்கிறது? எண்ணெய்ப் பலகாரத்திலிருந்து என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். 2005இல் அமெரிக்காவில் ஒரு சிறிய ஆய்வு செய்தார்கள். கொழுப்பு ஈரல் உள்ள சிலருக்கு அடையாளமிட்ட மூலக்கூறுகளைக் கொடுத்து, ஈரலில் சேர்ந்த கொழுப்பின் பூர்வீகத்தைத் தேடினார்கள். 100 பங்கில் 59 பங்கு உடம்பின் மற்ற இடங்களில் இருந்த கொழுப்புத் திசுவிலிருந்து கரைந்து வந்தது. 26 பங்கை மாவுச்சத்திலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் ஈரலே உண்டாக்கியிருந்தது. சாப்பிட்ட கொழுப்பிலிருந்து நேரடியாக வந்தது 15 பங்குதான். பிரான்ஸில் வாத்துகளின் ஈரலைக் கொழுக்கவைத்து விருந்துகளில் பரிமாறுகிறார்கள். அந்த வாத்துகளுக்கு எண்ணெயைப் புகட்டுவதில்லை. தொண்டையில் குழாய் வைத்து மக்காச்சோளத்தைத்தான் திணிக்கிறார்கள். இரண்டு வாரத்துக்குள் ஈரல் பல மடங்கு வீங்கி, வெளிர்மஞ்சளாகி, வெண்ணெய் போல ஆகிவிடுகிறது. மாவுச்சத்து அளவு மீறினால் ஒரு ஈரல் என்ன ஆகும் என்பதற்கு அந்தப் பறவைகள் படும் பாடே சாட்சி. நமக்குக் குழாய் வைப்பார் இல்லை. ஆனால் இந்தியர்களின் உணவில் சுமார் 62 சதவீத கலோரி மாவுச்சத்திலிருந்தே வருகிறது. இரண்டாம் முறை சோறு, மூன்றாம் முறை ரசத்துக்குச் சோறு, மோருக்குக் கடைசியாக ஒரு பிடி என்று பாசத்தோடு பரிமாறப்பட்டே அது உள்ளே போகிறது.

ஆனால், கொழுப்பே எதிரி என்று நினைத்தால் இந்த விஷயம் புரியாமலே போய்விடும். ஒரு விவசாயி வீட்டில் நெல் சேர்த்து வைக்கும் குதிர் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அறுவடையான நெல்லைக் குதிரில் கொட்டி மூடினால் மழையும் எலியும் அண்டாது. வேண்டும்போது கீழே வாயைத் திறந்து அளந்து எடுக்கலாம். தோலுக்கு அடியில், தொடையில், இடுப்பில், புட்டத்தில் இருக்கும் கொழுப்புத் திசு நம் உடம்பின் குதிர். கொழுப்பை அடைத்து வைப்பதற்கென்றே படைக்கப்பட்ட செல்கள் அவை. அங்கே இருக்கும்வரை கொழுப்பால் பெரிய கேடு இல்லை. குதிர் நிரம்பிவிட்டது, நெல் வந்துகொண்டே இருக்கிறது என்றால் என்ன ஆகும்? திண்ணையில் கொட்டுவோம், அடுப்படியில் மூட்டை அடுக்குவோம், கடைசியில் சாமி அறையிலும் நடக்க இடமிருக்காது. முதலில் வயிற்றுக்குள்ளே குடலைச் சுற்றியும், பிறகு ஈரல், கணையம், தசை, இதயம் என்று கொழுப்புக்கென்று ஏற்படாத இடங்களிலும் அது போய் அடைவது இப்படித்தான்.

கொழுப்புத் திசு நமக்குக் காவலாக இருக்கிறது என்பதற்கு மருத்துவத்தில் ஒரு வேதனையான சான்று உண்டு. லிப்போடிஸ்ட்ரோபி என்று ஓர் அரிய நோய். சில குழந்தைகள் பிறக்கும்போதே தோலடிக் கொழுப்பு ஏறக்குறைய இல்லாமல் பிறக்கிறார்கள். கன்னம் ஒட்டி, நரம்பும் தசையும் புடைத்துத் தெரியும். கொழுப்புதான் கேடு என்றால் உலகிலேயே ஆரோக்கியமானவர்கள் இவர்களாகத்தான் இருக்க வேண்டும். நடப்பதோ நேர்மாறு. இளம் வயதிலேயே கட்டுக்கடங்காத சர்க்கரை நோயும் பெரிதாக வீங்கிய கொழுப்பு ஈரலும் வந்துவிடுகின்றன. குதிரே இல்லாத வீட்டில் நெல் எல்லா அறையிலும் கொட்டிக் கிடக்கிறது. கொழுப்புத் திசு இல்லாதபடி உருவாக்கிய எலிகளுக்கும் இதே கதிதான். 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், அப்படிப்பட்ட எலிகளின் தோலுக்கடியில் ஆரோக்கியமான எலியின் கொழுப்பை எடுத்து வைத்துத் தைத்தார்கள். எலிகளின் சர்க்கரை இறங்கியது, ஈரலில் கொழுப்பும் குறைந்தது. கொழுப்பைச் சேர்த்ததால் சர்க்கரை நோய் தணிந்தது. முதன்முதலாக இதைப் படித்த அன்று என் மனத்தில் இருந்த பல கணக்குகள் மாறிப்போயின.

எல்லோருக்கும் குதிர் ஒரே அளவில் அமைவதில்லை என்பது அடுத்த உண்மை. 2004இல் 'லான்செட்' இதழில் ஒரு படம் வெளிவந்தது. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாக்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின், இரு நண்பர்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு, அதாவது பிஎம்ஐ, ஒன்றுதான்: 22.3. இருவரும் எக்ஸ்ரே முறையில் உடல் கொழுப்பை அளந்தார்கள். யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். தராசு ஒரே எண்ணைக் காட்டிய இரண்டு உடம்புகளுக்குள் இவ்வளவு வித்தியாசம். யாக்னிக்கின் குழு புனே சுற்றுவட்டாரக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளையும் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தது. நம் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, அவர்களுடையது 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசையும் ஈரல் முதலான வயிற்று உறுப்புகளும் வெகுவாகக் குறைந்திருந்தன. கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்து பிறந்தும் கொழுப்பைச் சுமக்கும் உடம்பு, தாயின் வயிற்றிலிருந்தே தொடங்குகிறது. பசியோடு பல தலைமுறைகள் சுமந்த தாய்மார்களின் கதையும் இதில் கலந்திருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

ஆகவே ஒருவர் 110 கிலோ எடையிலும் சர்க்கரை இல்லாமல் இருக்கலாம். இன்னொருவருக்கு 66 கிலோவிலேயே குதிர் நிரம்பி வழியலாம். அவரவர் உடம்புக்கு ஒரு தாங்கும் எல்லை உண்டு என்கிறார் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராய் டெய்லர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் நடந்த கணக்கெடுப்பு 2023இல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்றது அது. இவர்களில் எத்தனையோ பேர் கண்ணுக்கு ஒல்லியானவர்கள். 'உனக்கெல்லாம் எப்படிச் சுகர்?' என்ற கேள்வியை உறவினர் வீட்டு விசேஷங்களில் கேட்டுக் கேட்டுக் கூசிப்போனவர்கள்.

இனிக் கணையம். உள்ளங்கையைவிட நீளமான, 100 கிராம்கூடத் தேறாத உறுப்பு. இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்கள் அதில் சிறு சிறு திட்டுகளாகக் கிடக்கின்றன. ஈரல் ரத்தத்தில் ஏற்றி அனுப்பும் கொழுப்பில் கொஞ்சம் இங்கும் வந்து படிகிறது. அதில் நனைந்து கிடக்கும் பீட்டா செல்கள் சாப்பாடு வந்ததும் சட்டென்று இன்சுலின் விடும் திறனை இழக்கின்றன. அவை செத்துப்போய்விட்டன, இனி மீளா என்றுதான் மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியது. டெய்லருக்கு அதில் ஐயம் இருந்தது. ஈரலும் கணையமும் மாறி மாறி ஒன்றையொன்று கெடுக்கின்றன, கொழுப்பை இறக்கினால் இரண்டும் எழுந்துவிடும் என்று 2008இல் எழுதினார். 2011இல் அதைச் சோதித்தும் பார்த்தார். சர்க்கரை நோயாளிகள் 11 பேருக்கு 8 வாரத்துக்கு ஒரு நாளைக்குச் சுமார் 600 கலோரி மட்டுமே கொடுத்தார்கள். ஏழே நாளில் வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்புக்கு வந்தது, ஈரல் கொழுப்பு 30 சதவீதம் குறைந்தது. முதலில் காலியாவது ஈரல் என்பது அப்போது தெரிந்தது. கணையம் மெல்ல மெல்லத்தான் மீண்டது. எட்டு வாரங்கள் ஆயின. பிறகு நடந்த இன்னோர் ஆய்வில், கணையத்திலிருந்து வெளியேறிய கொழுப்பை அளந்தார்கள். ஒரு கிராமுக்கும் குறைவு. அவ்வளவு கொழுப்புதான் அங்கே அத்தனை காலம் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது.

பெரிய அளவில் இதைப் பரிசோதித்தது 2017இல் வெளியான டைரக்ட் ஆய்வு. ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் நோய் வந்து ஆறு ஆண்டுக்குள்ளான சுமார் 300 பேர் அதில் இருந்தார்கள். உணவுத் திட்டத்தில் சேர்ந்தவர்களில் 46 சதவீதம் பேர் ஓராண்டில் மாத்திரை இல்லாமலே சர்க்கரை நோய் வரம்புக்குக் கீழே வந்தார்கள். 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் அது 86 சதவீதம். எடை திரும்ப ஏறியவர்களுக்குச் சர்க்கரையும் திரும்பியது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் நம்பிக்கை தந்தவனாவேன். நோய் வந்து 15, 20 ஆண்டு ஆனவர்களுக்கு மீட்சி கடினம். ஆனால் எடை குறைவது அவர்களுக்கும் நல்லதுதான்.

தசையிலும் கொழுப்பு படிகிறது. அங்கும் இன்சுலினின் சொல் எடுபடாமல் போகிறது. சாப்பிட்ட பிறகு குளுக்கோஸில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ள வேண்டியது தசை. அது வாங்க மறுத்தால் எல்லாம் ஈரலின் தலையில் விழுகிறது. தினமும் ஓடுகிற விளையாட்டு வீரர்களின் தசையிலும் கொழுப்பு நிறைய இருக்கிறது, ஆனால் அவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. உள்ளே போவதும் வெளியே எடுப்பதுமாகப் புழங்குகிற நெல் புழுக்காது அல்லவா, அதுபோல. இதயத்தைப் போர்த்திப் படியும் கொழுப்பு, சிறுநீரகத்தின் குழிவில் சேரும் கொழுப்பு, நாக்கில் ஏறிக் குறட்டையையும் தூக்கத்தில் மூச்சுத் திணறலையும் கூட்டும் கொழுப்பு ஆகியவற்றையும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். இந்த நோயின் பெயரும் மாறிவிட்டது. குடிப்பழக்கத்தால் வராத கொழுப்பு ஈரலை முன்பு 'மது சாராதது' என்ற அடைமொழியோடு அழைத்தார்கள். 2023இல் உலக மருத்துவ அமைப்புகள் கூடி, வளர்சிதை மாற்றக் கோளாறோடு வருவது என்று பெயரையே மாற்றின. குடிக்காத என் அண்ணன் பட்ட கூச்சத்தைப் பலர் பட்டதும் அதற்கு ஒரு காரணம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. தையல்காரர் வைத்திருக்கும் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட பிறகு, வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். இந்தியர்களுக்கு ஆண் என்றால் 90 செ.மீ., பெண் என்றால் 80 செ.மீ. எல்லை. உயரத்தில் பாதிக்கு மேல் இடுப்பு போகக்கூடாது என்றும் பார்க்கலாம். பேண்ட் அளவை நம்பக்கூடாது. தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டியே பல ஆண்டு 34ஆம் சைஸிலேயே காலம் தள்ளிவிடலாம். அண்ணனும் அப்படித்தான் இருந்தார். டேப் 94 காட்டியது.

ஸ்கேனில் வரும் கிரேடு எவ்வளவு கொழுப்பு என்பதை மட்டும்தான் சொல்கிறது. ஈரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்பதே அதைவிட முக்கியமான கேள்வி. சிரோசிஸ் வரை கொண்டுபோவது அந்தத் தழும்புதான். ஈரலுக்கான ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிபிடி அளவு சரியாக இருப்பதாலேயே ஈரல் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. வயது, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிளேட்லெட் எண்ணிக்கை ஆகிய நான்கை வைத்து 'ஃபிப் 4' என்று ஒரு கணக்குப் போடுவார்கள். தேவைப்பட்டால் தழும்பைக் கணிக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுப்பார்கள். 'எனக்குத் தழும்பு இருக்கிறதா டாக்டர்?' என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் ஈரலின் கொழுப்பும் அழற்சியும் நன்றாகவே குறைகின்றன. 66 கிலோக்காரருக்கு ஐந்தாறு கிலோ. அண்ணன் 600 கலோரி உணவுக்குப் போகவில்லை. மருத்துவர் வேண்டாம் என்றார். இன்சுலினோ, இன்சுலினைத் தூண்டும் சில மாத்திரைகளோ எடுக்கிறவர்கள் திடீரென்று சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரும். மருத்துவரிடம் சொல்லாமல் யாரும் இதில் இறங்க வேண்டாம். அண்ணி தட்டில் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் கீரையும் சுண்டலும் முட்டையும் வைத்தார். மாலை டீக்கடையில் பஜ்ஜியும் இரண்டு டீயும் நின்றன. ஜூஸ் குடிப்பதும் நின்றது. பழச்சர்க்கரையைப் பெரும்பாலும் ஈரல்தான் கையாள வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. இரவுச் சாப்பாடு முடிந்ததும் இருவரும் தெருவை மூன்று சுற்று வந்தார்கள். முதல் மாதம் எடை அசையவே இல்லை. "என்னத்துக்குடா இதெல்லாம்" என்று ஒரு நாள் என்னிடம் சலித்துக்கொண்டார். நடுவில் ஒரு கல்யாண சீசன் வந்து இரண்டு கிலோ ஏறி, மறுபடி இறங்கியது.

பத்து மாதம் கழித்து அதே ஸ்கேன் அறை. எடை 60, இடுப்பு 86. காலைச் சர்க்கரை 109, இன்னும் ஒரு மாத்திரையோடு. மருத்துவர் கருவியை அதே இடத்தில் அழுத்தி, ஈரலையும் சிறுநீரகத்தையும் ஒரே படத்தில் கொண்டுவந்தார். ஈரல் ஒரு சாயல் வெளுப்பாகத்தான் இருந்தது. "கிரேடு ஒண்ணுக்கு வந்துட்டீங்க. தொடர்ந்து பண்ணுங்க" என்றார். அண்ணன் எழுந்து உட்கார்ந்து வயிற்றிலிருந்த ஜெல்லைத் துடைத்தபடியே, படத்தை இன்னொரு தடவை காட்டச் சொன்னார்.